சாத்தத்திலிருந்து ரயில் பார்க்க…

எங்கள் தீவில் தண்டவாளம் உண்டு. ரயில் கிடையாது.

போர்ட் பிளேயரின் ஹாடோ பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் சாத்தம் தீவு. 2024-இல் நகரத்தின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேயர்தான் வருகிறது. சாத்தத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது 1883-இல் தொடங்கிய அரசு மர ஆலை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் போட்ட குண்டு விழுந்த பள்ளத்தை ஆலைக்குள் இன்றும் காட்டுவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், படாக் மரச் சிற்பங்களைப் பார்ப்பார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். தரையில் பதிந்து கிடக்கும் குறுகலான இருப்புப்பாதையை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

என் அப்பா அந்தப் பாதையில்தான் வாழ்ந்தார். முப்பத்தோரு வருடம் மரம் ஏற்றிய டிராலி தள்ளினார். படகுத்துறையில் இறங்கும் தடியை அறுவைக்கூடத்துக்கும், அறுத்த பலகையைக் கிடங்குக்கும் கொண்டுபோகிற வேலை. வளைவில் சக்கரம் கிறீச்சிட்டால் எந்தப் பக்கம் பாரம் அதிகம் என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அவர் தள்ளிய மரத்தின் கதை பெரிது. அமெரிக்காவின் புல்மேன் ரயில் பெட்டிகளுக்கு உள்வேலைப்பாடு செய்ய அந்தமான் படாக் ஒரு காலத்தில் கப்பலேறிப் போயிருக்கிறது. ரயில் ஓடாத தீவு, உலகத்தின் ஆடம்பர ரயிலுக்கு மரம் கொடுத்தது.

போர்ட் பிளேயரில் ரயில் டிக்கெட் முன்பதிவு செய்யக் கவுண்டர் இருக்கிறது. மெயின்லேண்ட் போகிறவர்கள் அங்கே நின்று, சென்னையில் இறங்கியதும் ஏற வேண்டிய வண்டிக்கு டிக்கெட் போட்டுக்கொள்வார்கள். போர்ட் பிளேயரிலிருந்து டிக்லிப்பூருக்குச் சுமார் 240 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடும் திட்டம் 2017 வாக்கில் பலமாகப் பேசப்பட்டது. தண்டவாளம் இன்னும் வரவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. பாடப்புத்தகத்திலும் கைப்பேசியிலும் தவிர அவள் ரயிலைப் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு எழுபத்து நான்கு. அவர் நாலைந்து முறை ரயிலில் போயிருக்கிறார். “ஏறியிருக்கேன்பா, பாத்ததில்ல. உள்ள உக்காந்தா வயலும் வீடுமில்ல தெரியுது, வண்டி எங்க தெரியுது?” என்றார் ஒரு நாள். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் கிளப்பியது. ரயிலில் ஏறாமல், ரயிலைப் பார்ப்பதற்கென்றே காரில் ஒரு பயணம். மூன்று தலைமுறை, பன்னிரண்டு நாள்.

கப்பல் மூன்றாம் நாள் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. வெளியே வந்தால் ராஜாஜி சாலை, அதன் எதிரே கடற்கரை ரயில் நிலையம். பெட்டி படுக்கையோடு நடைமேடைக்குப் போனோம். தாம்பரம் போகும் மின்சார ரயில் உள்ளே நுழைந்தபோது மகள் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அது கண் முன்னால் நீண்டுகொண்டே போனது. “இது முடியாதா தாத்தா?” என்றாள். அவளுக்குப் பெரிய வண்டி என்றால் சாத்தம் துறையிலிருந்து பம்பூஃப்ளாட்டுக்கு லாரிகளை ஏற்றிக்கொண்டு போகும் படகுதான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ராயபுரம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். பழைய தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் நகரத்துக்குள் ரயில் பார்ப்பதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. சுவர், கம்பி, கூட்டம், விளம்பரத் தட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் ரயில் துண்டு துண்டாகத்தான் கண்ணில் படுகிறது. வாடகைக் காரை எடுத்துக்கொண்டு தெற்கே இறங்கினோம்.

நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கிளம்புமுன் ஒரு மாதம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். செயற்கைக்கோள் வரைபடத்தில் சாலையும் தண்டவாளமும் ஒட்டி ஓடும் இடங்களைக் குறித்தேன். நெடுஞ்சாலையோரம் நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோகும் ரயில் கொஞ்ச நேரம்கூடக் கண்ணில் நிற்காது என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. ரயில் சிரமப்படும் இடத்தைத் தேட வேண்டும். ஏற்றம், வளைவு, கடல், கணவாய், ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்காக ஒதுங்கி நிற்கும் சின்ன ஸ்டேஷன், இவையெல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். அங்கேதான் அது வேகம் குறைத்துத் தன்னைக் காட்டுகிறது. இந்தப் பன்னிரண்டு நாளில் நான் கற்றது இதுதான், வேறு எந்த உபாயமும் இதற்குப் பிறகுதான்.

மற்ற உபாயங்களும் உண்டு. வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலி இப்போது எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. அது பயணிகள் வண்டிகளைச் சொல்லும், சரக்கு வண்டியைச் சொல்லாது. சரக்கு வண்டிக்கு சிக்னலைத்தான் பார்க்க வேண்டும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். மஞ்சள் பலகையில் விசில் குறியீடு இருந்தால் எஞ்சின் அங்கே ஹாரன் அடிக்கும், குழந்தைகளுக்கு அது தனிச் சந்தோஷம். இவை எல்லாவற்றையும்விட, கேட் கீப்பரைக் கேட்பதே மேல்.

திண்டுக்கல்லைத் தாண்டி, சிறுமலை இடதுபுறம் நீலமாகத் தொடர்ந்து வர, ஒரு கிராமச் சாலையில் திரும்பி ஒரு லெவல் கிராசிங்கில் நின்றோம். கேட் திறந்திருந்தது. கேபினுக்குள் தொலைபேசி அடித்தது. கேட் கீப்பருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எடுத்துப் பேசினார், ஒரு எண்ணைத் திருப்பிச் சொன்னார், நோட்டில் எழுதினார். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அவருக்கும் இடையே பரிமாறப்படும் பிரைவேட் நம்பர் அது. வெளியே வந்து இருபுறமும் பார்த்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினார், தடுப்புக்கம்பி இறங்கியது. பூட்டிச் சாவியை எடுத்தார். கேட் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் பச்சைக்கு மாறும், அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறார்கள்.

அப்பா அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க ஆலையில பாதை மாத்தற இடத்துல இப்பிடி ஒரு கட்டை இருந்துச்சு தம்பி. அதுக்கும் பூட்டு உண்டு” என்றார்.

“ரயில்வேயில இருந்தீங்களாய்யா?”

“இல்ல. அந்தமான்ல டிராலி தள்ளினேன்.”

அவர் ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார். அப்புறம் கேபின் வாசலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். “வெளிப்பக்கமா உக்காருங்கய்யா. வண்டி போறப்ப காத்து உள்ள இழுக்கும். பாப்பாவைக் கையில புடிச்சுக்கோங்க.” பச்சைக்கொடியை விரித்து, உடம்பை விறைப்பாக வைத்து நின்றார். ரயில் தரை அதிரக் கடந்தது. எஞ்சினிலிருந்தும் கடைசிப் பெட்டியில் இருந்த கார்டிடமிருந்தும் பச்சைக்கொடி அசைந்தது. மகள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். “அவங்க ஒருத்தருக்கொருத்தர் டாட்டா சொல்லிக்கறாங்களா?” என்று கேட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று அவர் விளக்கினார். சக்கரத்தில் புகை வந்தாலோ, எதாவது தொங்கினாலோ அவர் காட்டுவது சிவப்பு.

பாம்பன் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம்.

ரயில் பார்க்க இந்தியாவிலேயே எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய பாலம் கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் எழும்பி விரியும் ஷெர்சர் தூக்குப்பகுதி. அதைத் திறக்க மோட்டார் கிடையாது, ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் திறந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டும்போதெல்லாம் சிக்னல் தானாகவே சிவப்பாகியது. உப்புக்காற்றில் இரும்பு அரித்து அரித்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதுப்பாலத்தை 2025 ஏப்ரல் 6-இல் திறந்தார்கள். அதன் நடுப்பகுதி விரிவதில்லை, எழுபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு துண்டு முழுதாக 17 மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் போல ஏறுகிறது.

1988 அக்டோபரில் திறந்த சாலைப்பாலம் இதற்கு இணையாகவே போகிறது. ஆகவே எல்லாரும் மேலே வண்டியை நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அங்கே நிறுத்தக் கூடாது. பின்னால் பேருந்து வரும், வாகனங்கள் வரிசையாக முட்டிக்கொண்டு நிற்கும், விபத்துக்கு ஒரு நொடி போதும். நாங்கள் நடந்து வந்து கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றபோதே ஒரு மீனவர் சைக்கிளை நிறுத்தினார். “மேல நிக்காதீங்கண்ணே. கீழ வலை காயற எடத்துக்கு வாங்க. அங்கேருந்து பாத்தா வண்டி வானத்துல போகும்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. பாம்பன் கரையில், படகுகள் இழுத்துப் போட்ட மணலில் நின்றால் கண்மட்டத்துக்கு மேலே பாலம். பெட்டிகளுக்குப் பின்னால் வெறும் ஆகாயம். ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பிய வண்டி ஊர்ந்து வந்தது. அந்த வேகத்தில் ஜன்னலோரம் தலை சாய்த்திருந்த ஒரு பாட்டியின் முகம்கூடத் தெரிந்தது. சத்தமும் வேறு மாதிரி. தரையில் போகும் ரயிலின் அதிர்வைத் தரை வாங்கிக்கொள்ளும், இங்கே ஒவ்வொரு தூணும் தண்ணீருக்குள் அதைக் கொண்டுபோகிறது. அப்பா மணலில் குந்தி, கையைத் தரையில் வைத்துக் கேட்டார். வண்டி மண்டபம் பக்கம் போய் மறைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே அவரிடம் 1964-ஐச் சொன்னேன். அந்த டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடிக்கு மிக அருகில் புயல் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. பாலத்தின் பெரும்பகுதியும் போயிற்று. அதைச் சீர்செய்ய ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள், ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் மறுபடி ரயில் ஓடியது. 2004 டிசம்பர் சுனாமியைப் பார்த்தவர்கள் நாங்கள். கடல் என்ன செய்யும் என்று அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் ஸ்டேஷன் சுவருக்குப் பக்கத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அங்கே ரயில் வராது. ஆனாலும் ரயில் பார்க்கப் போகிறவர்கள் அந்த இடத்துக்கும் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

தூத்துக்குடி, திருநெல்வேலி வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலின் காற்றாலைகளுக்கு நடுவே, மலையை ஒட்டி நாகர்கோவில் தடம் போகிறது. காற்று கார் கதவையே திறக்க விடவில்லை. ஒரு வண்டி பார்த்தோம், படம் எடுத்தோம், அழகான இடம். ஆனால் அங்கே ரயிலைவிடக் காற்றாலைதான் கண்ணை இழுக்கிறது.

செங்கோட்டைக்குத் திரும்பி வந்து மேற்கே ஏறினோம்.

பாம்பனுக்கு அடுத்ததாக நான் கைகாட்டுவது இந்தச் செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையை. 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்து, 2010-இல் அகலப்பாதைக்காக மூடி, 2018-இல் மறுபடி ஓட ஆரம்பித்தது. பகவதிபுரம், குகை, ஆரியங்காவு, கழுத்துருட்டி, தென்மலை என்று சாலையும் தடமும் ஒன்றையொன்று விடாமல் மலையைச் சுற்றுகின்றன. கழுத்துருட்டிக்கும் எடப்பாளையத்துக்கும் நடுவே பதிமூன்று கண் பாலம், சாலையை ஒட்டியே. கருங்கல் வளைவுகள் பதிமூன்றும் நூறு மீட்டருக்குச் சற்று மேல் நீளத்தில் அடுக்கி நிற்கின்றன. கீழே ஓடை, பின்னால் காடு.

டீக்கடைக்காரர் பாதி மலையாளம் பாதித் தமிழில் நேரம் சொன்னார். “அர மணிக்கூர் இருக்கு. இங்க உக்காருங்க, வண்டி வரும்போ மொதல்ல சத்தம் மேல கேக்கும், அப்புறம் காணாது, அப்புறம் திரும்ப வரும்.” அவர் சொன்ன வரிசை மாறவே இல்லை. மலைக்கு அந்தப்பக்கம் ஒரு ஹாரன். பிறகு நிசப்தம், வண்டி குகைக்குள் போயிருக்க வேண்டும். ஐந்தாறு நிமிடம் கழித்து எஞ்சினின் உறுமல் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தது. முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ளிக்கொண்டு இன்னொரு எஞ்சின். பின்னால் தள்ளுவதை பேங்கர் என்பார்கள். ஏற்றத்தில் உந்தவும், இறக்கத்தில் கட்டுப்படுத்தவும் அது துணை. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான் வேகம். பதிமூன்று கண்ணின் மேல் பெட்டிகள் ஒவ்வொன்றாக வளைந்து வந்தன.

அப்பா பேங்கரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “பாரு, பின்னால நின்னு தள்றான். எங்க ஆலையில ஏத்தத்துக்கு இப்பிடித்தான். முன்னால ரெண்டு பேர் இழுப்பான், பின்னால நான் தோள் குடுப்பேன்.” அவருடைய வலது தோளில் ஒரு காய்ப்பு உண்டு, சின்ன வயதில் நான் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறேன். ரயில் போன பிறகு அவர் மகளிடம் அந்தத் தோளைக் காட்டிக்கொண்டிருந்தார். ரயில் பார்க்க வந்த இடத்தில் என் அப்பாவின் வேலை என்னவென்று நாற்பத்து மூன்று வயதில் எனக்குப் புரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஐந்தாறு இளைஞர்கள் பாலத்தின் மேலேயே ஏறி நடந்துகொண்டிருந்தார்கள், கைப்பேசியை நீட்டியபடி. தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். வளைவிலிருந்து வரும் வண்டி பார்வையில் படும்போது ஒதுங்க அங்கே இடமே கிடையாது. டீக்கடைக்காரர் கத்திக் கூப்பிட்டு இறக்கினார். ரயிலை நேசிக்கிறவர்கள் லோகோ பைலட்டின் இதயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பிரேக் போட்டாலும் வண்டி பல நூறு மீட்டர் போய்த்தான் நிற்கும், அந்த நேரம் முழுக்க அவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாலையோரத்திலிருந்தே இவ்வளவு அழகாகத் தெரிகிற பாலத்தில் ஏற என்ன அவசியம்?

கடைசியாக மேட்டுப்பாளையம். நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை: 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை, 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல். உள்ளே ஏறிப் போக டிக்கெட் கிடைப்பது கடினம். வெளியே நின்று பார்க்க டிக்கெட் வேண்டாம். கல்லாறு தாண்டியதும் தடத்தின் நடுவே பல்சட்டம் ஆரம்பிக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, கீழே நின்று பெட்டிகளை மேலே தள்ளும். இங்கேயும் தள்ளுகிறவன் பின்னால்தான். அந்த எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தில் செய்து கொண்டுவந்தார்கள். பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

கல்லாறு யானைகள் கடக்கும் வழி, காட்டுக்குள் இறங்கி நிற்பது கூடவே கூடாது. நாங்கள் காட்டேரிப் பக்கம் சாலையிலிருந்தும், மறுநாள் கேத்தியிலிருந்தும் பார்த்தோம். நீராவி எஞ்சினுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பள்ளத்தாக்கில் எங்கோ மூச்சிரைக்கும் சத்தம், மரங்களுக்கு மேல் வெள்ளைப் புகை, இருபது நிமிடம் கழித்துத்தான் நீலப் பெட்டி. “யானை மாதிரியே வருது” என்றார் அப்பா. அந்தமான் காட்டில் மரம் இழுத்த யானைகளை அவர் பார்த்திருக்கிறார். வரும்போது ஒரு சத்தம், சங்கிலி இழுபடும்போது ஒரு சத்தம் என்று அவர் மகளுக்குச் சொல்லிக் காட்ட, பின்னால் நின்ற கோத்தகிரிக்காரர்கள் நாலு பேர் கூடி நின்று கேட்டார்கள்.

ஊர் திரும்பிய மறு வாரம் மூவரும் ஆலைக்குப் போனோம். பல இடங்களில் தண்டவாளத்தை மண்ணும் புல்லும் மூடியிருக்கின்றன. சில இடங்களில் சிமெண்டுக்குள் போய்விட்டது. சிற்பங்களுக்கு இருக்கிற கண்ணாடிக்கூண்டும் விளக்கப் பலகையும் இந்தப் பாதைக்கும் ஒன்று வேண்டும் என்பது என் கோரிக்கை. பழைய டிராலி ஒன்றைத் துடைத்து, அதே தடத்தில் நிறுத்தி, இது எந்த மரத்தை எங்கே கொண்டுபோனது, எத்தனை பேர் தள்ளினார்கள் என்று நாலு வரி எழுதி வைத்தால் போதும். தள்ளியவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுத இதுதான் நேரம். பாம்பனின் பழைய தூக்குப்பகுதியை ஊரே திரும்பிப் பார்த்தது. சாத்தத்தின் தடமும் அதே நூற்றாண்டின் கடல்காற்றைத் தின்று கிடப்பதுதான்.

அன்றைக்கு மழை வரும்போல் இருந்தது. அப்பா படகுத்துறைப் பக்கத்திலிருந்து தண்டவாளத்தின் நடுவிலேயே, பழைய பழக்கத்தில் ஒரு தோளைச் சற்று முன்னே சாய்த்தபடி நடந்து வந்தார். மகள் பாதையிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். கால்களைச் சேர்த்து வைத்தாள். பாவாடைப் பையிலிருந்து பச்சைக் கைக்குட்டையை எடுத்து, கையை நேராக நீட்டி, தாத்தா கடந்து போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.